தையல் போட்ட டாக்டர் திரையில் வரும்போது

கட்டைப் பிரித்துப் பார்த்து, "நல்லா ஆறியிருக்கு, அடுத்த மாசம் வாங்க" என்று சொல்ல டாக்டருக்கு ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்துக்காக, மூட்டு மாற்று அறுவை செய்துகொண்ட ஓர் அம்மா ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் காலை நீட்டியபடி பயணம் செய்ய வேண்டியிருக்கிறது. கார் வாடகை ஒருபக்கம், துணைக்கு வரும் மகனின் ஒருநாள் சம்பளம் மறுபக்கம். வேலூர் சி.எம்.சி.க்கு ஜார்கண்டிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் வருகிறவர்களின் கணக்கைப் போட்டால் தலை சுற்றும்.

இந்த அலைச்சலில் ஒரு பகுதியை வீடியோ சந்திப்பு குறைக்கும். சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறதா என்ற சந்தேகம் வேண்டாம். 2020 மார்ச் 25 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட தொலைமருத்துவ விதிமுறைகள் இதைத் தெளிவாக்கிவிட்டன. நேரில் பார்த்த அதே டாக்டரை, அதே பிரச்சினைக்காக, ஆறு மாதத்துக்குள் தொலைவிலிருந்து மீண்டும் கலந்தாலோசித்தால் அது தொடர் ஆலோசனை. முன்பின் பார்க்காத டாக்டரை முதல்முறை திரையில் சந்திப்பதைவிட இதற்கு அந்த விதிமுறைகள் கூடுதல் இடம் கொடுக்கின்றன.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. திரையில் டாக்டருக்குக் கண்ணும் காதும் மட்டுமே உண்டு. தொட்டுப் பார்ப்பது, அழுத்திப் பார்ப்பது, கட்டிலிருந்து வாடை வருகிறதா என்று கவனிப்பது எல்லாம் வீட்டில் இருப்பவர்கள் பொறுப்பு. அதனால் சந்திப்பு உருப்படியாக அமைவது அழைப்பு வருவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. இந்த அத்தியாயத்தில் முன்னேற்பாடுகளுக்கே அதிக இடம்.

எதற்குத் திரை, எதற்கு நேரில்

பித்தப்பை, குடல்வால், குடலிறக்கம் போன்றவற்றுக்கு லேப்ராஸ்கோப்பியில் அறுவை முடிந்து, முதல் கட்டும் மாற்றியாகிவிட்டது என்றால் அடுத்த விசாரிப்புக்கு வீடியோ பெரும்பாலும் போதும். பயாப்சி முடிவைக் கேட்பது, மாத்திரையைக் குறைப்பது, எப்போது வண்டி ஓட்டலாம், எவ்வளவு எடை தூக்கலாம் என்று கேட்பது, மூட்டு அறுவைக்குப் பிறகு பயிற்சி சரியாக நடக்கிறதா என்று காட்டுவது, இதற்கெல்லாம் மருத்துவமனை வாசலில் டோக்கன் வாங்கத் தேவையில்லை.

தையலோ கிளிப்போ பிரிப்பது, டிரெயின் குழாய் எடுப்பது, மாவுக்கட்டு மாற்றுவது ஆகியவற்றுக்குக் கை வேண்டும். வயிற்றுத் தையலைப் பொதுவாக 7 முதல் 10 நாளிலும் மூட்டுத் தையலை 10 முதல் 14 நாளிலும் பிரிப்பார்கள். அந்த ஒரு முறை நேரில் போய்விட்டு, மற்றவற்றைத் திரைக்கு மாற்றிக்கொள்வது நல்ல ஏற்பாடு. தையல் பிரிப்பை மட்டும் ஊரிலேயே உள்ள மருத்துவமனையில் செய்துகொள்ளலாமா என்று அறுவை செய்த டாக்டரிடமே கேட்கலாம். பலர் சரி என்பார்கள்.

கண் தனிக் கதை. கண்புரை அறுவைக்குப் பிறகு கைப்பேசியைக் கண்ணருகே கொண்டுபோய் எவ்வளவு காட்டினாலும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. அரவிந்த் கண் மருத்துவமனை இதை வேறு வழியில் தீர்த்தது. தேனிப் பக்கத்து ஊர்களில் சிறிய கண் சிகிச்சை மையங்களை வைத்து, நீண்டதூர வைஃபை மூலம் தேனி மருத்துவமனையோடு இணைத்தார்கள். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த இணைப்பை அமைக்க உதவினார்கள். மையத்தில் பயிற்சி பெற்ற பெண் ஊழியர் கருவியில் கண்ணைச் சோதிக்கிறார், டாக்டர் மறுமுனையில் பேசுகிறார். கருவியும் பயிற்சி பெற்ற கையும் நோயாளி பக்கம் இருப்பதால்தான் இது நடக்கிறது. வீட்டுச் சோபாவில் இருந்தபடி கண்ணைக் காட்டுவதை இதோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது.

வீடியோவுக்குக் காத்திருக்கக் கூடாதவை

இவற்றில் ஒன்று இருந்தாலும் சந்திப்பு நாளை எதிர்பார்த்து உட்காராமல் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். மூச்சுத்திணறல், மார்வலி, மயக்கம், நிற்காத ரத்தப்போக்கு என்றால் 108.

- திடீர் மூச்சுத்திணறல், மார்வலி, இருமலில் ரத்தம்.
- ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, வலித்து, சூடாக இருப்பது. காலில் ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் காலை நீவிவிடவோ எண்ணெய் போட்டுத் தேய்க்கவோ கூடாது.
- 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், குறிப்பாகக் குளிர் நடுக்கத்தோடு.
- புண்ணிலிருந்து சீழ், துர்நாற்றம், தையல் விட்டுப்போதல், அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தம்.
- வயிறு உப்பி, வாந்தி நிற்காமல், காற்றும் மலமும் பிரியாமல் இருப்பது.
- பித்தப்பை அறுவைக்குப் பிறகு கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்நிறமாவது.
- பிரசவ அறுவைக்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுதும் நனையும் அளவு ரத்தப்போக்கு.
- கண் அறுவைக்குப் பிறகு கண் வலி கூடுவது, பார்வை மங்குவது, கண் சிவப்பது.

இந்தப் பட்டியலைப் படமெடுத்து வீட்டில் இரண்டு பேர் கைப்பேசியிலாவது வைத்திருக்கலாம். நோயாளியின் கைப்பேசியில் மட்டும் இருந்தால், அவர் மயங்கிக் கிடக்கும்போது யாருக்கும் பயன்படாது.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில்

பில் கட்டும் அவசரத்தில் எல்லோரும் மறப்பது இந்த வேலைகளை.

1. அடுத்த சந்திப்பு வீடியோவில் நடக்கலாமா என்று அறுவை செய்த டாக்டரிடமே நேரடியாகக் கேட்க வேண்டும். வரவேற்பறையில் இருப்பவர் சொல்வது போதாது.
2. எந்த செயலி, எந்த எண், யாரிடம் நேரம் வாங்குவது, கட்டணம் எவ்வளவு என்பதை எழுதி வாங்க வேண்டும். அறுவைக் கட்டணத்திலேயே முதல் ஒன்றிரண்டு சந்திப்புகள் அடங்கும் இடங்களும் உண்டு. கேட்காவிட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள்.
3. டிஸ்சார்ஜ் சம்மரியின் எல்லாப் பக்கங்களையும் படமெடுக்க வேண்டும். அறுவையின் பெயர், தேதி, நோயாளி எண், மருந்துப் பட்டியல் ஆகிய நான்கும் படத்தில் படிக்கும்படி இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்க்கவும்.
4. கட்டு மாற்றும் நர்ஸிடம் அனுமதி வாங்கி, புண் அன்று எப்படி இருந்தது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளவும். பத்து நாள் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க டாக்டருக்குக் கிடைக்கும் ஒரே அளவுகோல் அதுவாக இருக்கலாம்.
5. இரவில் சிக்கல் வந்தால் அழைக்க வேண்டிய எண் தனியாக உண்டா என்று கேட்டு வாங்கவும்.

அரசின் இ-சஞ்சீவனி வழியாக இலவசமாகவே வீடியோ ஆலோசனை பெறலாம். அதில் எதிரே வருகிறவர் பெரும்பாலும் அறுவை செய்த டாக்டராக இருக்க மாட்டார். சளி, வயிற்று உபாதை, மாத்திரைச் சந்தேகம் என்றால் பரவாயில்லை. தையல் பற்றிய கேள்வியை அறுவை நடந்த இடத்திலேயே கேட்பதுதான் சரி.

ஒரு வாரம், ஒரு நோட்டு

பழைய டைரியோ பிள்ளைகளின் பாதி எழுதிய நோட்டோ போதும். நாளுக்கு ஒரு வரி: காலை, மாலை காய்ச்சல் அளவு, பத்துக்கு எத்தனை வலி, சாப்பாடு, மலம், சிறுநீர், எவ்வளவு நடை, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு. டிரெயின் குழாயோடு வீட்டுக்கு அனுப்பியிருந்தால், 24 மணி நேரத்தில் எத்தனை மில்லி வந்தது, என்ன நிறம் என்பதும் வேண்டும். சர்க்கரை நோயாளிகள் சர்க்கரை அளவையும் எழுத வேண்டும். சர்க்கரை ஏறினால் புண் ஆறத் தாமதமாகும்.

காய்ச்சல் பார்ப்பதில் ஒரு பொதுவான பிசகு உண்டு. பாரசிட்டமால் போட்ட ஒரு மணி நேரத்தில் தெர்மாமீட்டரை வைத்து "காய்ச்சல் இல்லை" என்று எழுதிவிடுவார்கள். வலிக்காக அந்த மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சல் இருந்தாலும் மறைந்தே இருக்கும். அடுத்த மாத்திரையைப் போடுவதற்குச் சற்று முன் பார்ப்பதே உண்மையான அளவு.

புண்ணைப் படமெடுப்பது

பெரும்பாலான வீடியோ சந்திப்புகள் சறுக்குவது இங்கேதான். நேரலையில் புண்ணைக் காட்டும்போது கை நடுங்குகிறது, கேமரா ஃபோகஸ் தேடுகிறது, இணையம் மந்தமானால் படம் கட்டம்கட்டமாகிறது. டாக்டர் "இன்னும் கொஞ்சம் கிட்ட... இல்ல, கொஞ்சம் தள்ளி" என்று சொல்வதிலேயே பாதி நேரம் போய்விடும். முதல் நாளே நல்ல படங்களை அனுப்பி வைத்துவிட்டால், அந்த நேரம் பேச்சுக்கு மிஞ்சும்.

1. கட்டைப் பிரிக்கலாமா என்று முன்பே கேட்டுக்கொள்ளவும். சில நவீன கட்டுகளைக் குறிப்பிட்ட நாள்வரை தொடவே கூடாது. பிரிக்கலாம் என்றால் சோப்புப் போட்டுக் கைகழுவிய பிறகு பிரிக்கவும்.
2. பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் எடுக்கவும். மஞ்சள் பல்பின் கீழ் எடுத்தால் எல்லாப் புண்ணும் மஞ்சளாகத் தெரியும். ஃபிளாஷ் போட்டால் ஈரமான இடம் வெள்ளையாக மின்னி, சீழ்போலத் தோன்றும்.
3. லென்ஸை மெல்லிய துணியால் துடைக்கவும். சமையலறையில் புழங்கும் கைப்பேசிகளில் லென்ஸ் மீது எண்ணெய்ப்படலம் இல்லாமல் இருப்பதே அபூர்வம்.
4. முகத்தை வெளுப்பாக்கும் பியூட்டி வசதியை அணைத்துவிட்டு, பின்பக்க கேமராவில் எடுக்கவும்.
5. முதல் படம் ஒரு கை தள்ளி: புண் உடலில் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். இரண்டாவது ஒரு சாண் தூரத்தில், பக்கத்தில் ஸ்கேல் ஒன்றைப் பிடித்தபடி. ஸ்கேல் புண்ணில் படக் கூடாது. மூன்றாவது பக்கவாட்டில், வீக்கம் எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று தெரியும்படி.
6. பிரித்தெடுத்த பழைய கட்டையும் ஒரு படம். அதில் ஊறியிருக்கும் நிறமும் அளவும் டாக்டருக்குப் பெரிய தகவல்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கித் தெளிவை இழக்கும். எச்.டி. என்று தேர்ந்தெடுத்தோ, டாக்குமென்டாக இணைத்தோ அனுப்பலாம்.

இனி, படத்தில் வராத ஒன்று. மருத்துவக் குறிப்புகள் எல்லாம் "புண்ணைச் சுற்றிச் சிவந்தால் சொல்லுங்கள்" என்றே எழுதுகின்றன. வெளுத்த தோலை மனதில் வைத்து எழுதிய அறிவுரை அது. மாநிறத்திலும் கறுப்பிலும் அழற்சி அப்படிச் சிவப்பாகத் தெரியாது; சுற்றிலும் தோல் மேலும் கறுத்தோ, ஊதா பூத்தோ, இறுகிப் பளபளத்தோ காணும். அதனால் கண்ணை மட்டும் நம்பாமல் கையையும் பயன்படுத்த வேண்டும். கழுவிய கையின் புறங்கையைப் புண்ணிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி வைத்துப் பார்க்கவும். பிறகு அதே இடத்தை உடலின் மறுபக்கத்தில் தொட்டுப் பார்க்கவும். இடது முழங்காலில் அறுவை என்றால் வலது முழங்கால். மூட்டு மாற்றிய கால் சில வாரம் ஓரளவு வெதுவெதுப்பாகவே இருக்கும். நேற்றைவிட இன்று சூடு கூடியிருக்கிறதா என்பதே கேள்வி. தடித்தோ கறுத்தோ இருக்கும் இடத்தின் வெளி ஓரத்தில் பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுத் தேதியும் எழுதிவைத்தால், அடுத்த நாள் கோட்டைத் தாண்டிப் பரவியிருக்கிறதா என்று சந்தேகமில்லாமல் தெரியும். பரவியிருந்தால் சந்திப்பு வரை பொறுக்காமல் அன்றே அழைக்கவும்.

புண் காய வேண்டும் என்று மஞ்சள் பொடி, தேங்காய் எண்ணெய், முகப்பவுடர் எதுவும் போட வேண்டாம். கிருமி போவது இருக்கட்டும், மஞ்சள் அப்பிய புண்ணைத் திரையில் பார்க்கும் டாக்டருக்கு எது சீழ், எது மஞ்சள் என்று பிரித்தறியவே முடியாது.

அந்தரங்கமான இடங்களில் அறுவை நடந்திருந்தால், படம் யார் கைக்குப் போகிறது என்று அனுப்பும் முன் கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. மார்பகம், பிரசவம், மூலம் போன்றவற்றில் படமே வேண்டாம் என்று மறுத்து நேரில் போவதிலும் தவறில்லை. அனுப்பிய பிறகு கைப்பேசியின் கேலரியிலும், படங்களைத் தானாகச் சேமிக்கும் இணையக் கணக்கிலும் அவை கிடக்கும் என்பதை நினைவில் வைத்து, அடிக்கடி பிள்ளைகள் கைக்குப் போகும் கைப்பேசியாக இருந்தால் தனிக் கோப்பில் பூட்டி வைக்கலாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் புண் படம் போடும் பழக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே மரியாதை.

அழைப்பு வரும் நாள்

கைப்பேசியில் முழு சார்ஜ், வீட்டில் எந்த மூலையில் சிக்னல் நன்றாக வரும் என்ற முன்னோட்டம், மின்தடை வந்தால் வைஃபை போய்விடும் என்பதால் மொபைல் டேட்டா தயார். டிவியை அணைக்கவும், மிக்ஸி ஓடக் கூடாது. கைப்பேசியைக் கையில் பிடிக்காமல் புத்தக அடுக்கிலோ டப்பாவிலோ சாய்த்து வைக்கவும். பக்கத்தில் டிஸ்சார்ஜ் சம்மரி, நோட்டு, மாத்திரை அட்டைகள், பேனா. "அந்த வெள்ளை மாத்திரை, ராத்திரி போடுறது" என்று விவரித்து எந்த டாக்டருக்கும் புரிந்ததில்லை. அட்டையின் பெயர் தெரியும் பக்கத்தைத் திரையில் காட்டினால் முடிந்தது.

அறுவை முழங்காலில் என்றால், நாற்காலியில் உட்கார்ந்து, கேமராவைப் பக்கவாட்டில் முழங்கால் உயரத்தில் வைக்க வேண்டும். முன்னாலிருந்து பார்த்தால் எவ்வளவு மடங்குகிறது என்று தெரியாது. பிறகு அறையின் அந்தக் கோடிவரை நடந்து திரும்பி வருவதைக் காட்டலாம். வேட்டி, நைட்டி, புடவை எதுவானாலும் முட்டி தெரியும்படி முன்பே ஏற்றிச் செருகிக்கொள்ளவும். நடக்கும்போது ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். திரையைப் பார்த்தபடியே நடந்து விழுந்தால் புதிய அறுவைதான்.

பேச்சு எப்படிப் போகும் என்பது ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

"எப்படிம்மா இருக்கீங்க? வலி இருக்கா?"

"உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன் டாக்டர். வலியெல்லாம் ஒண்ணுமில்ல."

"அம்மா, நேத்து ராத்திரி பூரா தூங்கலையே நீங்க" என்று பின்னாலிருந்து மருமகள் குரல்.

"நீ சும்மா இரும்மா. டாக்டரு என்ன நினைப்பாரு?"

டாக்டருக்கு வருத்தம் வரக் கூடாது என்று வலியை மறைக்கும் இந்தப் பெருந்தன்மை ஆபத்தானது. நேரில் என்றால் அம்மா நாற்காலியிலிருந்து எழும்போது முகம் சுளிப்பதை டாக்டர் பார்த்துவிடுவார். திரையில் கழுத்துக்கு மேல்தான் தெரிகிறது. இதற்கு நேரெதிரான தவறும் நடக்கிறது: மகனே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே போக, நோயாளி ஒரு வார்த்தையும் பேசாமல் சந்திப்பு முடிந்துவிடும். முதலில் நோயாளி பேசட்டும், பிறகு துணைக்கு இருப்பவர் நோட்டைப் பார்த்து எண்களைச் சொல்லட்டும். இந்த வரிசையை அழைப்புக்கு முன்பே வீட்டில் பேசி வைத்துக்கொண்டால் சண்டை இருக்காது.

மூன்று கேள்விகளுக்கு மேல் எழுதிவைக்க வேண்டாம், முக்கியமானது முதலில். தாம்பத்தியம், மலச்சிக்கல், சிறுநீர் கசிவு போன்ற கேள்விகள் மற்றவர் முன் வராது. கடைசி இரண்டு நிமிடம் மற்றவர்கள் அறையை விட்டு வெளியேறினால் போதும்.

டாக்டர் சொல்வதை முடிவில் திரும்பச் சொல்லிக் காட்டவும்: "இந்த மாத்திரையை நிறுத்தணும், இது இன்னும் ஐந்து நாள், அடுத்து நேரில் வரணும், சரிதானே டாக்டர்?" இந்த ஒரு வாக்கியத்தில் பல குழப்பங்கள் அங்கேயே தீர்ந்துவிடும். உரையாடலைப் பதிவு செய்ய விரும்பினால் அனுமதி கேட்டுவிட்டுச் செய்யவும்.

திரையில் எழுதிக்கொடுக்க முடியாத மருந்துகள்

தொடர் ஆலோசனையில் அதே பிரச்சினைக்குக் கூடுதல் மருந்து சேர்க்க டாக்டருக்கு அனுமதி உண்டு. ஆனால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் வரும் மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதக் கூடாது என்று 2020 விதிமுறைகள் தடுக்கின்றன. அறுவைக்குப் பின் பலருக்குக் கொடுக்கப்படும் டிரமடால் 2018இல் அந்தச் சட்டத்துக்குள் வந்தது. "அந்த வலி மாத்திரையை மட்டும் இன்னொரு பத்து எழுதிக் கொடுங்க" என்று திரையில் கெஞ்சுவதில் பயனில்லை. வலுவான மாத்திரை இன்னும் தேவைப்படும் அளவுக்கு வலி இருக்கிறது என்றால், அது நேரில் போய்க் காட்ட வேண்டிய வலி.

வரும் மருந்துச்சீட்டில் டாக்டரின் பெயர், பதிவு எண், தேதி, கையொப்பம் இருக்கிறதா என்று பார்க்கவும். வாய்மொழியாகச் சொன்னதை நம்பி ஆன்டிபயாட்டிக் வாங்கக் கூடாது.

போலி எண்கள்

மருத்துவமனையின் எண்ணை இணையத்தில் தேடி, முதலில் வந்ததை அழைப்பது ஆபத்து. மருத்துவமனைகளின் பெயரில் போலி எண்களைப் போட்டுவைத்து, "அப்பாயின்ட்மென்ட் உறுதி செய்ய பத்து ரூபாய் கட்டுங்க" என்று ஒரு லிங்க் அனுப்பி, கணக்கையே காலி செய்யும் கும்பல்கள் இருக்கின்றன. டிஸ்சார்ஜ் சம்மரியில் அச்சிட்ட எண்ணை மட்டுமே நம்பவும். ஏ.பி.கே. கோப்பு எதையும் இறக்கக் கூடாது. செயலியை ப்ளே ஸ்டோரிலிருந்தே எடுக்கவும். உள்நுழைவு ஓ.டி.பி.யைச் செயலியில் மட்டும் போட வேண்டும், தொலைபேசியில் கேட்பவரிடம் சொல்லக் கூடாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930.

இணைப்பு அறுந்தால், அழைப்பு முடிந்தால்

பாதியில் துண்டித்துப் போனால் ஐந்து நிமிடம் மறுமுயற்சி, அதன் பிறகு மருத்துவமனை எண்ணுக்குச் சாதாரண அழைப்பு. படங்கள் முன்பே போயிருந்தால் குரலிலேயே மீதியை முடித்துவிடலாம். எதிர்முனையில் டாக்டர் "இது திரையில் ஆகாது, நேரில் வாங்க" என்று சொன்னால், கட்டிய பணம் வீண் என்று நினைக்க வேண்டாம். எப்போது வேண்டுமானாலும் அப்படிச் சொல்ல அவருக்கு விதியில் இடமுண்டு. நோயாளியும் அதையே கேட்கலாம்.

ரசீதைத் தூக்கி எறிய வேண்டாம். தனியார் காப்பீட்டில், டிஸ்சார்ஜுக்குப் பிறகான செலவுகளைக் குறிப்பிட்ட நாள்வரை திருப்பித் தரும் பிரிவு பல திட்டங்களில் உண்டு. பாலிசி மருத்துவ ஆலோசனைக் கட்டணத்தை ஏற்கும் என்றால் தொலைமருத்துவ ஆலோசனைக்கும் அது பொருந்த வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020 ஜூனில் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் டிஸ்சார்ஜுக்குப் பிறகு 15 நாள்வரை மருந்து, பரிசோதனைச் செலவு அடங்கும். எனவே வெளியில் வாங்கும் முன் மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் ஒருமுறை விசாரித்துவிடுவது நல்லது.